மண்கல் பயிற்சிக்கூடம்: இயந்திரத்துக்கு முன் மண்ணைப் பாருங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்லூரி வளாகத்தில் பசுமைக் கட்டுமானப் பயிற்சிக்கூடம் அமைத்தோம். சுடாத மண்கல் அழுத்துவதையும் எலிப்பொறிக் கட்டில் (நடுவே வெற்றிடம் விட்டுச் செங்கல் அடுக்கும் முறையில்) சுவர் எழுப்புவதையும் மாணவர்கள் தங்கள் கையாலேயே செய்து பழக வேண்டும் என்பதுதான் நோக்கம். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறோம்.

கல் அழுத்தும் இயந்திரத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே மண்ணைச் சோதித்துவிடுங்கள். கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவில் ஒரு தோட்டம் செம்மண்ணாக இருக்கும், பக்கத்துத் தோட்டம் கரிசலாக இருக்கும். கரிசல் ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும்; சிமெண்டைக் கூட்டினாலும் அடங்காது. சுண்ணாம்புதான் அதற்குப் பிடிக்கும், ஆனால் இறுக நாளாகும். பயிற்சிக்குச் செம்மண்ணே போதும். வேரும் மக்கும் கலந்த மேல்மண்ணை முழுக்க வழித்துவிட்டு அடிமண்ணை எடுங்கள்.

கண்ணாடி பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் உடனே படியும், களி மறுநாள் வரை மேலே நிற்கும். இதைவிட உறுதியாகச் சொல்வது பெட்டிச் சோதனை. 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழமுள்ள மரப்பெட்டியின் உள்ளே எண்ணெய் தடவி, ஈரமண்ணை அடைத்துக் காயவிட வேண்டும். காய்ந்தபின் நீளவாக்கில் சுருக்கம் 15 மி.மீ.க்குள் நின்றால் 18 சட்டி மண்ணுக்கு 1 சட்டி சிமெண்ட். 30 முதல் 45 வரை போனால் 14க்கு 1. அதற்கும் மேலே போகிற மண்ணில் எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கலந்து, சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள்.

ஈரப்பதத்தில்தான் அதிகம் தவறு நடக்கும். கலவையை உருண்டை பிடித்துத் தோள் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. தூளாகச் சிதறினால் தண்ணீர் போதாது. தட்டையாக ஒட்டிக்கொண்டால் அதிகம். தண்ணீர் சேர்த்த அரைமணி நேரத்துக்குள் அழுத்தி முடிக்க வேண்டும். அதனால் சிறுசிறு கலவையாகப் போடுங்கள். மாணவர்கள் ஒரே குவியலாகக் கலந்துவிடுவார்கள், கடைசிக் கற்கள் பொருபொருத்துப் போகும்.

இந்த ஊரில் பெரிய எதிரி காற்றுதான். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் கிழக்குக் காற்று புதுக்கல்லின் விளிம்பை ஒரே பகலில் உலர்த்திவிடும். மயிரிழை விரிசல் விழும். முதல் 2 நாள் பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடுங்கள். பிறகு ஈரச் சாக்கு போட்டு, மொத்தம் 28 நாள் ஆகும்வரை தண்ணீர் தெளிக்க வேண்டும். கல்லூரி விடுமுறையில் தெளிக்க ஆளில்லாமல் போகும் என்பதால் நாள்காட்டியைப் பார்த்து உற்பத்தியைத் தொடங்குங்கள்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டுக்கு 23 × 11 × 7.5 செ.மீ. சுட்ட செங்கல் எடுத்தோம். கற்களைப் படுக்க வைக்காமல், நீள விளிம்பில் நிறுத்திக் குத்துக்கல்லாக வைத்தால் நடுவே 8 செ.மீ. வெற்றிடம் கிடைக்கும், ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சம். சாந்து உள்ளே விழுந்து அந்த இடம் நிரம்பினால் வெப்பத் தடுப்பு போய்விடும். வெற்றிடத்தின் மேல் ஒரு மரச் சட்டத்தை வைத்து, அதன் இருபுறமும் சாந்து போடப் பழக்குங்கள். அடி வரி, மேல் வரி, சன்னல் ஓரங்கள், சுவிட்ச் பெட்டி வரும் இடம் எல்லாம் வெற்றிடமில்லாமல் கட்ட வேண்டும். அதனால் வயரிங் வரைபடம் முதல் வரி வைக்கும் முன்பே மேஸ்திரி கையில் இருக்கட்டும்.