‘நேர்கொண்ட பார்வை’யின் வழக்குக் கட்டு

எச். வினோத் இயக்கி 2019 ஆகஸ்ட்டில் வெளிவந்த ‘நேர்கொண்ட பார்வை’ (2016-இல் வந்த இந்திப் படம் ‘பிங்க்’கின் தமிழ் வடிவம்) பலர் நினைவில் பாலியல் வன்முறை வழக்கு பற்றிய படமாகவே தங்கியிருக்கிறது. வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்தால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மீரா. வேண்டாம் என்று சொல்லியும் விடாதவனைப் பாட்டிலால் அடித்ததற்காக அவர் மேல் கொலை முயற்சி வழக்கு. அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 307. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 109. பாதிக்கப்பட்டவளே எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக, நிற்கும் இந்த இடத்தில்தான் படத்தின் கூர்மை இருக்கிறது. ஏனென்றால் பெண்களுக்கென்று சட்டம் கட்டி வைத்திருக்கும் பாதுகாப்புகளில் முக்கியமானவை அந்த இடத்தில் அவருக்குக் கிடைக்காது.

எந்தப் பாதுகாப்பு என்று பார்ப்போம். 2002 முடியும்வரை, சாட்சியச் சட்டப் பிரிவு 155(4)-ஐ வைத்து, புகார் கொடுத்த பெண் ‘ஒழுக்கம் கெட்டவள்’ என்று காட்டியே அவள் சாட்சியத்தைத் தகர்க்க முடிந்தது. அதை நீக்கினார்கள். 2013 திருத்தத்தில் 53ஏ வந்தது. சம்மதம் இருந்ததா என்ற கேள்வியில் அவளுடைய முந்தைய பாலியல் அனுபவத்துக்கு இடமே இல்லை என்றது அது. குறுக்கு விசாரணையில் அதைக் கேட்கவும் கூடாது என்று 146-இன் காப்புரை (பிரிவோடு சேர்த்த நிபந்தனை வரி) சொன்னது. இன்று இவை பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் 48, 149. ஆனால் இரண்டும் பாலியல் குற்ற வழக்குகளுக்கு மட்டுமே பொருந்தும். மீரா மீதுள்ள வழக்கு கொலை முயற்சி. ஆகவே ‘உங்களுக்கு ஏற்கெனவே உறவு இருந்ததா?’ என்று எதிர்த்தரப்பு கேட்டால் இந்தப் பிரிவுகளைக் காட்டித் தடுக்க முடியாது. படத்தின் நீதிமன்றத்தில் அந்தக் கேள்விகள் அவ்வளவு தாராளமாக வருவதை மிகை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அது சட்டத்தில் உண்மையிலேயே இருக்கும் ஓட்டை.

படம் சட்டத்திலிருந்து விலகும் இடமும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரை யாரும் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டுவிட முடியாது. அரசியலமைப்பின் 20(3) அதைத் தடுக்கிறது. அவரே எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால் மட்டும் தன் தரப்புச் சாட்சியாக ஏறலாம் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 315, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 353). ஏறினால் குறுக்கு விசாரணைக்கும் உட்பட வேண்டும். நடைமுறையில் பெரும்பாலான வழக்கறிஞர்கள் தங்கள் கட்சிக்காரரை ஏற்றவே மாட்டார்கள். சாட்சியங்களைப் பற்றி நீதிபதி நேரடியாகக் கேட்கும் கேள்விகளுக்குப் (பழைய 313, இன்று 351) பதில் சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். திரையில் மீராவும் அவருடைய தோழிகளும் பேசியே ஆகவேண்டும் என்பதால் ஏறுகிறார்கள். கதைக்கு அது நியாயம்தான்.

மீராவுக்கான உண்மையான சட்டக் கவசம் தற்காப்பு உரிமை. படம் அதன் மீது இன்னும் அழுத்தமாக நின்றிருக்கலாம் என்பது என் கருத்து. வன்புணர்வு நோக்கத்தோடு தாக்க வந்தால் மரணம் விளைவிக்கும் அளவுக்கும் தற்காப்பு நீளும் (பழைய தண்டனைச் சட்டத்தில் 100, இன்றைய நியாய சன்ஹிதாவில் 38). வெறும் மானபங்கம் என்றே நீதிமன்றம் கொண்டாலும், மரணம் தவிர்த்த எந்தக் காயத்தையும் ஏற்படுத்த உரிமை உண்டு (பழைய 101, இன்று 39). அடிபட்டவன் உயிரோடிருக்கிறான் என்பதால் இரண்டாவதே போதும். இதை நிரூபிக்கும் பொறுப்பு எதிரியிடம்தான், ஆனால் அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் போதும்.

இந்த வாதம் உடையும் இடங்கள் இரண்டு. ஆபத்து நீங்கிய பிறகு, அவன் திரும்பிப் போகும்போது அடித்தால் உரிமை முடிந்துவிடுகிறது. இன்னொன்று, பயத்தில் முதல் வாக்குமூலத்திலேயே ‘நான் அடிக்கவில்லை’ என்று சொல்லிவிடுவது. தற்காப்பைப் பிறகு எடுத்துவைக்கச் சட்டம் தடை சொல்வதில்லை. ஆனாலும் அந்தப் பொய் வழக்கு முழுக்கத் துரத்தும்.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி முன்தேதியிட்ட எஃப்.ஐ.ஆர். இது கற்பனை அல்ல, எதிர்வழக்கு போடும்போது நடக்கும் பழைய தந்திரம். உண்மையான வழக்கில் வழக்கறிஞர் முதலில் பார்ப்பது நீதித்துறை நடுவரின் கையெழுத்தை. எஃப்.ஐ.ஆர். பதிவானதும் அதை உடனே நடுவருக்கு அனுப்பியாக வேண்டும். தமிழ்நாட்டில் ‘எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர்.’ என்பார்கள். நடுவர் அதில் பெற்ற தேதியும் நேரமும் குறித்து ஒப்பமிடுவார். காலையில் பதிவானதாகச் சொல்லும் எஃப்.ஐ.ஆர். மறுநாள் மாலை நடுவரிடம் போயிருந்தால், இடைப்பட்ட நேரத்துக்குக் காவல்துறை விளக்கம் தரவேண்டும். தாமதம் மட்டுமே வழக்கைக் கவிழ்த்துவிடாது. விளக்கம் இல்லாத தாமதம் வழக்கின் மேல் பலத்த சந்தேகத்தை எழுப்பும். அடுத்தது நிலையத்தின் பொது நாட்குறிப்பு: எண்கள் வரிசையாக ஓடுகின்றனவா, அந்த நேரத்தில் பதிவு செய்த அலுவலர் நிலையத்தில் இருந்தாரா. மூன்றாவது, எல்லோரும் மறப்பது, மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். காப்பி. காயத்தோடு வந்தவன் முதலில் மருத்துவரிடம் என்ன சொன்னான்? யார் அடித்தது, எதனால், எத்தனை மணிக்கு? ‘கீழே விழுந்தேன்’ என்று அங்கே சொல்லிவிட்டு, பிறகு காவல் நிலையத்தில் கொலை முயற்சி என்றால், வழக்கின் முதுகெலும்பு அங்கேயே முறிகிறது.

இதே சூழலில் மாட்டும் பெண்களிடம் ‘அவங்க முந்திக்கிட்டாங்க, இனி உங்க புகாரை எடுக்க முடியாது’ என்று சொல்வது வழக்கம். தவறு. ஒரே சம்பவத்துக்கு அதே தரப்பின் இரண்டாவது எஃப்.ஐ.ஆர்.தான் கூடாது. எதிர்த்தரப்பின் புகாரைப் பதிவு செய்யலாம் என்று 2004-இல் உப்கார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. புகார் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் அதோடு நின்றுவிடாதீர்கள். அது எஃப்.ஐ.ஆர். அல்ல. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் தெரிந்தால் பதிவு கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி தீர்ப்பு சொல்லியிருக்கிறது. மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால், அதற்கும் பலன் இல்லையென்றால் நடுவரிடம் மனு. அன்று உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும்.

இனி சம்மதம். படம் ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லை ஊன்றி நிற்கிறது. அந்தச் சொல் இங்கே சட்டத்தில் ஏற நெடுங்காலம் ஆனது. 1978-இல் மதுரா என்ற பெண்ணின் வழக்கில், காவல் நிலையத்துக்குள் நடந்த வன்புணர்வுக்கு, பெண் உடலில் காயமில்லை, கூச்சலிடவில்லை என்று காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களை விடுவித்தது. நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979-இல் திறந்த மடல் எழுதினார்கள், போராட்டம் வெடித்தது, 1983-இல் சட்டம் மாறியது. 2013-இல் இன்னும் ஒரு படி ஏறியது. சம்மதம் என்பது அந்தக் குறிப்பிட்ட செயலுக்கு, சொல்லாலோ சைகையாலோ ஐயத்துக்கு இடமின்றித் தெரிவித்த விருப்பம். உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ள முடியாது. அதாவது படம் கேட்கும் ‘வேண்டாம்’ கூட இன்று சட்டத்துக்குத் தேவையில்லை. ‘சரி’ இருந்ததா என்பதே கேள்வி. கூட உட்கார்ந்து குடித்ததும், சிரித்துப் பேசியதும், அறைக்குள் வந்ததும் அந்தச் ‘சரி’ ஆகாது.

ஆனால் மனநிலை சட்டத்தின் வேகத்தில் மாறுவதில்லை. 2020 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு முன்ஜாமீன் உத்தரவில், சம்பவத்துக்குப் பிறகு களைத்துத் தூங்கிவிட்டதாகப் பெண் சொன்னதை இந்தியப் பெண்ணுக்கு ஒவ்வாதது என்று எழுதியது. எதிர்ப்பு எழுந்தபின் அந்த வரி நீக்கப்பட்டது. 2021-இல் அபர்ணா பட் வழக்கில், பெண்ணின் உடை, நடத்தை, பழக்கவழக்கம் பற்றி ஜாமீன் உத்தரவுகளில் எழுதக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. அதே இரவில் அதே மதுவைக் குடித்த ஆணின் பழக்கவழக்கத்தை எந்த உத்தரவு எடைபோட்டது?

மீராவின் இடத்தில் நிற்பவருக்கு 48-உம் 149-உம் உதவாதபோது கைக்கு எட்டுவது சாட்சிய அதினியத்தின் 154, 155. ஆபாசமான கேள்விகளை நீதிபதி தடுக்கலாம், அவமதிக்கும் நோக்கில் கேட்பவற்றைத் தடுத்தாக வேண்டும். வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபித்தால் மட்டும் போதாது. கேட்ட கேள்வி, ஆட்சேபம், நீதிபதியின் முடிவு மூன்றையும் சாட்சியப் பதிவில் எழுதச் சொல்லிக் கேட்கவேண்டும். பதிவில் இல்லாத ஆட்சேபத்தை மேல்முறையீட்டில் காட்ட முடியாது.