உலர்திராட்சைப் பை

ஒக்டோபர் மாதம் ஒன்ராறியோவின் அல்கோன்குயின் பூங்காவில் எனக்கு வேலை. கனடா ஜே என்ற சாம்பல் நிறப் பறவை எதை, எங்கே ஒளித்து வைக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். காலில் மாட்டியிருக்கும் வண்ண வளையங்களை வைத்துத்தான் எது எந்தப் பறவை என்று கண்டுபிடிப்போம்.

உலர்திராட்சையை நீட்டினால் கையிலேயே வந்து உட்காரும். வாய் கொண்ட மட்டும் அள்ளி, பசை போன்ற எச்சிலில் உருட்டி, மரப்பட்டை இடுக்கில் செருகிவிட்டுத் திரும்பி வரும். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒவ்வொரு மரம். ஒரு நாளில் ஆயிரம் இடங்கள் வரை ஒளிக்கக்கூடியது. நானோ மூன்றாவது மரத்திலேயே கோட்டைவிடுவேன்.

பெப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும், பனி கிடக்கும்போதே இது கூடு கட்டுகிறது. அப்போது கைகொடுப்பது இந்தச் சேமிப்புதான். அம்மம்மா பனங்கிழங்கைக் கிழித்து வெயிலை நம்பி ஒடியல் காயவைப்பார்; இது குளிரை நம்பி வைக்கிறது. இலையுதிர்காலம் சூடாக நீண்டாலோ, பனி உருகி உருகி உறைந்தாலோ சரக்கு கெட்டுவிடும், அடுத்த குஞ்சுகள் குறையும். மரமும் முக்கியம். ஸ்புரூஸ், பைன் என்ற ஊசியிலை மரங்களின் பட்டைக்குள் வைத்தது மேப்பிளில் வைத்ததைவிட நன்றாகத் தாங்குகிறது என்று இதே பூங்காவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஊசியிலை மரங்கள் குறைந்த பகுதிகளைத்தான் இப்பறவைகள் கைவிட்டிருக்கின்றன.

இதெல்லாம் தெரிந்துதான் போனேன். தெரியாதது என் பையைப் பற்றி.

ஒரு நாள் திராட்சையைக் காரிலேயே மறந்துவிட்டேன். ஒரு ஜோடி வெகுநேரம் என் தலைக்கு மேல் கிளையிலேயே காத்திருந்தது. ஒளித்தல் பூஜ்யம். சரி என்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். அப்புறம் சலித்துப்போய் அவை தங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்கின: ஒன்று காளானைப் பிய்த்தது, மற்றது எதையோ கொத்திக்கொண்டு ஸ்புரூஸுக்குள் போனது. நிதானமான வேலை. என் நோட்டிலிருந்த வேகம் அதில் இல்லை.

அப்படியானால் முந்தைய பக்கங்களில் நான் பெருமையாக எழுதிய எண்கள் பறவையுடையவையா, என் பையுடையவையா? நெடுஞ்சாலை 60 ஓரம் பாண் துண்டு நீட்டும் பயணிகளைப் பார்த்து முகம் சுளித்தவன் நான்.

மேற்பார்வையாளரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் என் படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"கடைசிப் பத்தியை ஏன் நிரப்பவில்லை?"

'உணவு கொடுக்கப்பட்டதா?' என்று அச்சிட்டிருந்தது. மூன்று வாரமாக வெறுமையாக விட்டிருந்தேன். அன்றிரவு எல்லாப் பக்கங்களிலும் 'ஆம்' என்று எழுதி முடிக்கப் பதினொரு மணியாகிவிட்டது.