கடைசி இருபதாயிரம்

2025 ஜனவரி 12, ஞாயிறு

இன்றோடு மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். முதலாமவர் ஹட்டனிலிருந்து முச்சக்கர வண்டியில் வந்தவர். அம்மாவுக்காக மலசலகூடத்தோடு குளியலறை கட்டவிருக்கும், குசினிக்குப் பின்னாலுள்ள ஐந்தடிக்கு ஏழடி இடத்தை, அளவுநாடாவைக்கூட விரிக்காமல், வாசற்படியில் நின்றபடியே பார்த்துவிட்டு, சாமான் உட்பட ஆறு இலட்சத்து எண்பதாயிரம் என்றார். எதற்கு எவ்வளவு என்று கேட்டேன். "எல்லாம் சேத்துத்தான் டீச்சர்" என்றார். இரண்டாமவர், மொத்தத்தில் பாதிக்கு மேல் கைக்கு வந்தால்தான் கடப்பாரையைத் தொடுவாராம். மூன்றாமவர் தோட்டத்தின் கீழ்ப்பிரிவைச் சேர்ந்த மேசன் பாஸ். மலசலகூடக் குழி எங்கே வரும், தண்ணீர்ப் பீலிக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டவர் அவர் மட்டுமே. ஐம்பதடியாவது விட வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னதை நான் சொல்ல வாயெடுக்கும் முன்னரே அவர் காலடியால் அளக்கத் தொடங்கியிருந்தார். கூலி மட்டும் இரண்டு இலட்சத்து அறுபதாயிரம்; சாமான்களை நான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

நாட்கூலிக்கு விடுவதா, கொந்தராத்தாகக் கொடுப்பதா என்பதிலேயே இரவு போய்விட்டது. நாட்கூலி என்றால் வேலை ஊர்ந்து போகும். கொந்தராத்து என்றால் ஓடும். ஆனால் ஓடுகிற ஓட்டத்தில் எதையெல்லாம் பூசி மூடிவிட்டு ஓடுகிறது என்று பக்கத்திலேயே நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். நானோ காலையில் பள்ளிக்கூடம் போனால் மூன்று மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறேன்.

வீட்டிலிருந்து கீழே இறங்கப் பதினொரு படிகள். இன்று மறுபடியும் எண்ணினேன்.

ஜனவரி 14

பொங்கல். அண்ணன் கண்டியிலிருந்து அழைத்து, கைபேசியை அம்மாவின் காதருகே வைத்திருப்பதாகச் சொன்னார். எனக்கு மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

ஜனவரி 18, சனி

சீ.ஆர். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து உடன்படிக்கை எழுதினேன். முற்பணம் 40,000. குழியும் அத்திவாரமும் முடிந்தால் 60,000. சுவர் எழும்பி, கதவுக்கு மேல் கொங்கிரீட் லிண்டல் போட்டால் 60,000. கூரையும் பூச்சும் முடிந்தால் 50,000. தரைக்கு மாபிள் பதித்து, கொமட் பூட்டி, தண்ணீர் வந்தால் 30,000. மிச்சம் 20,000, எல்லாம் முடிந்து ஒரு மாதம் பாவித்துப் பார்த்த பின்னர்.

அவர் ஒரு இலட்சம் முற்பணமாகக் கேட்டிருந்தார். நாற்பதாயிரத்தைப் பார்த்தபோது முகம் சுருங்கவில்லை. ஆனால் கடைசி வரியை வாசித்ததும் சிரித்தார். "நமக்குள்ள எழுத்து எதுக்கு டீச்சர்? ஒங்க அம்மாவும் எங்க அம்மாவும் ஒரே மலையில கொழுந்து எடுத்தவங்க" என்றார். அதனால்தான் எழுதுகிறேன் என்று சொல்ல நா எழவில்லை. தெரியாதவரோடு பிணக்கு வந்தால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். தெரிந்தவரோடு வந்தால் கோவிலில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

கையொப்பம் வைத்தார். அழகான கையெழுத்து.

பணம் அம்மாவின் ஊழியர் சேமலாப நிதி. பெண்கள் ஐம்பது வயதிலேயே வேலையை விட்டு எடுக்கலாம் என்றிருந்தும், ஐம்பத்தெட்டு வரை மலைக்கு ஏறிவிட்டு எடுத்த பணம். வங்கிப் புத்தகம் இத்தனை வருடமும் அரிசி வாளிக்குள் இருந்தது. பக்கங்களைத் திருப்பும்போது இப்போதும் தவிட்டு வாசம் வருகிறது.

ஜனவரி 25, சனி

சீமெந்து பதினைந்து மூட்டை வந்தது. தரையில் படாமல், சுவரிலும் சாயாமல், பலகை மேல் அடுக்கி மெழுகுசீலையால் மூடச் சொன்னேன். இந்தப் பனிமூட்டத்தில் மூன்று வாரம் திறந்து கிடந்தால் ஓரம் கட்டிபட்டுவிடும். மணல் ஒரு கியூப் என்று சொன்ன லொறிக்காரர், நான் பெட்டியின் நீள அகல உயரத்தை அளக்கத் தொடங்கியதும், வழியில் ஈரம் வடிந்து கொஞ்சம் இறங்கியிருக்கும் என்றார். நூறு கன அடிக்குப் பதிலாக எண்பத்தாறு இருந்தது. பதினான்கு அடிக்குரிய காசைக் கழித்துத்தான் கொடுத்தேன்.

பின்புறத்து மண்மேட்டை நேர்ச்செங்குத்தாக வெட்டினால் அறை இன்னும் ஒன்றரை அடி நீளும் என்று பாஸ் சொன்னார். மாட்டேன் என்றேன். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தயில் தோட்டத் தொழிலாளரின் லயங்களின் மேல் மலை சரிந்து இறங்கிய செய்தி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். இடம் குறைந்தால் குறையட்டும். மேட்டைச் சரிவாகச் செதுக்கி, மேலே வருகிற நீரைத் திருப்ப ஒரு கான் வெட்டச் சொல்லியிருக்கிறேன். அதற்குத் தனிக்கூலியாக எட்டாயிரம். உடன்படிக்கையில் இல்லாத முதல் செலவு.

ஜனவரி 27

பாஸ் வரவில்லை.

ஜனவரி 29

வரவில்லை. கைபேசி அணைந்திருக்கிறது. குழி பாதி வெட்டிய நிலையில், அடியில் மழைத்தண்ணீரோடு கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள் என்பதால் மேலே தகரம் போட்டு, தகரத்தின் மேல் கல் வைத்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வந்தார். மாமியாருக்குச் சுகமில்லையாம். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்ல வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளியிருப்பேன். பிறகு வேலைதான் கெடும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையில் நான் வீட்டில் இருப்பேன் என்பதற்காகவே இன்று வேலைக்கு வரச் சொல்லியிருந்தேன். கம்பி வெட்டும் யந்திரம் பதினொன்றரை மணியளவில் நின்றது. எங்கள் வீட்டு உருகிதான் போய்விட்டது என்று நான் பயந்திருக்க, நாடே இருட்டாம். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் வந்த வினை என்று அமைச்சர் சொன்னதாகப் பின்னேரம் வானொலியில் சொன்னார்கள். கையாள் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பாஸ் வாள்பிளேடால் மிச்சக் கம்பியைக் கையாலேயே அறுத்து முடித்தார். அந்த ஒரு மணி நேரம் அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை.

பிப்ரவரி 11

தைப்பூசம். வேலை இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

நேற்றைய வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,700 ரூபாவாக்கப் போவதாகச் சொன்னார்களாம். இப்போது 1,350. தேநீர் குடிக்கும்போது கையாள் பையனிடம், மறுபடி மலைக்குப் போவாயா என்று பாஸ் கேட்டார். இங்கே 2,500 கிடைக்கிறது, அட்டைக்கடியும் இல்லை என்றான் அவன்.

புளொக் கல் ஆறு வரி எழும்பிவிட்டது. கைப்பிடிக் குழாய் வரும் இடத்தில் கல்லின் கூடுகளுக்குள் கொங்கிரீட் நிரப்ப வேண்டும் என்று மூன்றாவது முறையாகச் சொன்னேன். வெற்றுக் கூட்டில் ஆணி அறைந்தால், ஒரு மனிதப் பாரம் தொங்கும்போது பிடுங்கிக்கொண்டு வரும். உயரத்துக்கு அம்மாவின் ஊன்றுகோலை வைத்து, பிடி வரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கலவைக்கு எத்தனை தாச்சி மணல் போகிறது என்று யன்னலோரம் நின்று எண்ணினேன். ஒன்றுக்கு ஐந்து என்பது பேச்சு. ஐந்து தாச்சி போட்டான். ஆனால் ஒவ்வொன்றும் கோபுரம் போலக் குவிந்திருந்தது, சீமெந்துத் தாச்சி மட்டும் விளிம்போடு நின்றது. நான் வெளியே வந்ததும் மணலும் விளிம்புக்கு இறங்கிவிட்டது. யாரும் எதுவும் பேசவில்லை.

லிண்டலுக்குப் பலகை தட்ட, ஆச்சியின் பழைய கட்டிலிலிருந்த நீலப் பலகைகளைக் கொடுத்தேன்.

மார்ச் 1, சனி

கொட்டகலையைக் கடந்து வரும்போது பஸ்ஸில் யன்னலோரம் இருந்தேன். பாதையிலிருந்து கொஞ்சம் மேலே, பாதி கட்டிய வீடொன்றின் சாரத்தில் நீலப் பலகை. அதன் மேல் எங்கள் கையாள் பையன். மூன்று நாட்களாக வைரஸ் காய்ச்சல் என்று சொல்லப்பட்டவன், தாச்சியைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்கள் ஆச்சியின் கட்டில் மேல் நின்றான்.

கோபத்தில் இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கினேன்.

மார்ச் 2, ஞாயிறு

மாலையில் பாஸ் வந்தார். கழுவித் துடைத்த பலகையோடு வந்தார். நான் பேசத் தயாராக வைத்திருந்த சொற்கள் அந்த ஈரப் பலகையைக் கண்டதும் பாதியாகிவிட்டன.

அந்த வீட்டுக்காரர் தீபாவளியிலிருந்து முப்பத்தைந்தாயிரம் தராமல் இழுத்தடிக்கிறாராம். மேலே ஒரு சின்ன வேலை செய்து கொடுத்தால் தருவதாகச் சொன்னாராம். நான் ஜனவரியில் கொடுத்த நாற்பதாயிரத்தில் முக்கால்வாசி, அந்த வீட்டில் வேலை செய்த கையாளின் பழைய பாக்கிக்கே போய்விட்டதாம். அதாவது, நான் யாரென்றே தெரியாத ஒரு மனிதரின் சுவருக்கு அம்மாவின் காசு கூலி கொடுத்திருக்கிறது. "முன்ன வர்ற காசெல்லாம் சோத்துக்கும் கையாளுக்கும் போயிரும் டீச்சர். கடைசிக் காசுதான் எங்களுக்கு மிஞ்சுறது. அதைத்தான் எல்லாரும் புடிச்சு வச்சிக்கிறாங்க" என்றார்.

அவர் போன பிறகு கணக்குப் போட்டேன். நாற்பது நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் கையாளுக்கு ஒரு இலட்சம். மிஞ்சும் 1,60,000ஐ நாற்பதால் வகுத்தால் நாளுக்கு 4,000. இங்கே பாஸ்மார் நாட்கூலியாக வாங்குவதும் அவ்வளவுதான். அதுவே ஐம்பத்தைந்து நாளாக இழுபட்டால், கையாளுக்கு 1,37,500 போக மிச்சம் 1,22,500. நாளுக்கு 2,227 ரூபா. கையாளைவிடக் குறைவு. இழுத்தடிப்பதால் அவருக்கு இலாபம் என்று இத்தனை நாளும் நான் எப்படி நம்பினேன் என்று தெரியவில்லை. அதே நேரம், அந்தக் கடைசி இருபதாயிரத்தைத் தவிர எனக்கும் வேறு பிடி இல்லை. அவருடைய சோறும் என்னுடைய கடிவாளமும் ஒரே காசாக இருக்கிறது.

காய்ச்சல் என்று சொன்னது பொய்தான். அதை அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

மார்ச் 8

கூரைத்தகடு ஏறிவிட்டது. 50,000இல் 25,000 கொடுத்தேன்; பூச்சு முடிந்ததும் மிச்சம். பற்றுச்சீட்டில் இருவரும் கையொப்பமிட்டோம்.

மார்ச் 22, சனி

சாதாரணதரப் பரீட்சைக்காகப் பள்ளிக்கூடம் பூட்டியிருப்பதால் ஒரு வாரமாக நாள் முழுவதும் பக்கத்தில் நிற்கிறேன். மாபிள் பதித்தாகிவிட்டது. வழுக்காத, சொரசொரப்பான, சாம்பல் நிறம். கடைக்காரர் பளபளப்பானதைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்.

மார்ச் 24

ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். பெரும்பகுதி தண்ணீர் வடியும் துவாரத்துக்கு ஓடியது. மிச்சம், கதவருகே வலப்பக்க மூலையில், ஒரு சோற்றுத்தட்டின் அகலத்துக்குத் தேங்கி நின்றது.

மார்ச் 25

காலையிலும் ஊற்றினேன். அதே இடம்.

மார்ச் 29, சனி

பாஸ் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். ஓர் அடிக்குக் கால் இஞ்சி வாட்டம் கொடுத்ததாகத்தான் சொன்னார். துவாரத்தைச் சுற்றி அது உண்மைதான். கதவருகே மட்டும் குமிழி மறுபக்கம் ஓடியது. துடைத்துவிட்டால் போகும் என்றார் முதலில். யார் துடைப்பது என்று கேட்டேன். கதவருகேதான் அம்மா ஊன்றுகோலை மாற்றிப் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் ஈரம்.

நான்கு மாபிள்களை உடைத்தெடுத்து, அடியில் கலவையை உயர்த்திப் பதிக்க வேண்டும். மிச்சமிருப்பது மூன்று. கடையில் அதே பெயரில் இருக்கிறது. நிறம் ஒரு சாயல் வெளிறியிருக்கிறது. வெளிறினால் வெளிறட்டும்.

ஏப்ரல் 3

குவளை. தட்டளவு. நான் இப்போது குளிக்கப் போகும்போதும் அந்த மூலையைத்தான் பார்க்கிறேன்.

ஏப்ரல் 5, சனி

வேலை முடிந்ததென்று 30,000 கேட்டார். மூலை முடியாமல் தரமுடியாது என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, என்னுடையதுதான். வகுப்பில் பேசுவது போலப் பேசிவிட்டேன். அவர் சாந்தகப்பையைப் பீலியில் கழுவி, சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, பதினொரு படிகளாலும் இறங்கிப் போனார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அண்ணன் பேசினார். சனிக்கிழமை விடியற்காலையில் வான் பிடித்து வருகிறார்களாம். அம்மாவுக்கு அறை தயாரா என்று கேட்டார். தயார் என்று சொல்லிவிட்டேன்.

பின்னேரம் கீழ்ப்பிரிவுக்கு நானே நடந்து போனேன். பாஸின் வீட்டு இஸ்தோப்பில் உட்காரச் சொன்னார்கள். தேநீர் வந்தது. அவருடைய வீட்டுச் சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. குளிக்கும் இடத்துக்கு உரப்பை மறைப்பு. வருடப்பிறப்புக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பெடுக்க வேண்டும் என்று அவருடைய மனைவிதான் சொன்னார், அவர் சொல்லவில்லை. பதினையாயிரம் கொடுத்தேன், முப்பதில் பாதி. வெள்ளிக்கிழமை மூலையைச் செய்து தந்தால் அன்றைக்கே மிச்சப் பதினையாயிரமும், கடைசி இருபதில் பத்தும் தருவதாகச் சொன்னேன். ஒரு மாதம் என்று எழுதியதை நானே மீறுகிறேன். தாளை எடுத்து அதிலும் எழுதிக் கையொப்பம் வாங்கினேன், அவருடைய வீட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டே.

ஏப்ரல் 10

பின்னேரம் இடியோடு மழை. மேட்டிலிருந்து வந்த தண்ணீர் கானோடு திரும்பிப் போனது. எட்டாயிரம் வீண்போகவில்லை. கைப்பிடியில் என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். காலை ஆறரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். புது மாபிளை நேற்றிரவே தண்ணீரில் ஊறப்போட்டு வைத்திருக்கிறேன். மணி ஒன்பது ஐந்து.