உணரி பார்க்காத இடம்

கடலோரத்து நிலக்கரி இறங்குதுறை ஒன்றில், எஃகுத் தாங்கிகளின் அரிப்பைக் கண்காணிக்கும் பணியில் சில ஆண்டுகள் இருந்தேன். நாங்கள் பொருத்தியவை மின்தடை வகை உணரிகள். மெல்லிய எஃகுத் தகடு ஒன்று காற்றுபடத் திறந்திருக்கும். அரிப்பால் அது மெலிய மெலிய அதன் மின்தடை கூடும். வெப்பம் ஏறினாலும் மின்தடை கூடும் என்பதால், ஒப்பீட்டுக்காக மூடிய தகடு ஒன்றும் உள்ளே இருக்கும். அப்படியும் உச்சி வெயிலில் திறந்த தகடு முந்திச் சூடேறுவதால், வரைபடம் நண்பகலில் ஏறி இரவில் இறங்கியது. அரித்துப்போன இரும்பு இரவில் வளர்ந்துவிடாது என்பது புரிந்தபின், விடியலுக்கு முந்தைய அளவை மட்டுமே கணக்கில் கொண்டோம்.

1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தில் தூக்குப் பகுதியின் அரிப்பால் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டபோது, நம் இறங்குதுறையின் நிலை என்ன என்று மேலாளர் கேட்டார். உணரியின் வரைபடத்தில் ஏறக்குறைய கிடையாகக் கிடந்த கோட்டை அச்செடுத்துக் கொடுத்து, கவலையில்லை என்றேன்.

இரண்டு மாதம் கழித்துப் பராமரிப்பு மேஸ்திரி என்னை அழைத்துப்போய், குறுக்குச் சட்டங்கள் சேரும் இணைப்புத் தகடு ஒன்றைச் சுத்தியலால் தட்டினார். "சத்தம் செத்துப்போச்சு, கேட்டீங்களா சார்?" என்றார். பெயிண்ட் முழுசாக இருந்தது. ஆனால் இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு அடுக்கடுக்காகப் பருத்து அவற்றைப் பிதுக்கியிருந்தது. 10 மி.மீ. தகட்டில், தடிமன் அளக்கும் மீயொலிக் கருவி 7 மி.மீ.க்குச் சற்று மேல் காட்டியது.

காரணம் எளியது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினாலே சோற்றுப்பு நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடற்கரையில் அது பெரும்பாலான இரவுகளில் நடப்பது. திறந்த பரப்பில் படியும் உப்பை மழை கழுவிவிடுகிறது, இடுக்கில் படிந்ததோ அங்கேயே தங்குகிறது. எங்கள் உணரி மழைபடும் பரப்பில், ஏணிக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. அந்த இடத்தைத் தேர்ந்தவன் நான்தான்; பேட்டரி மாற்ற வசதியென்று.

பிறகு மேஸ்திரியிடமே சாக்பீஸைக் கொடுத்து, சந்தேகமான இடங்களில் வட்டம் போடச் சொன்னேன். வட்டங்கள் 11, கையிலிருந்த உணரிகள் 6. மீதி 5 இடங்களை, இடுப்பில் கயிறு கட்டித் தொங்கியபடி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் அளந்துவந்தோம்.