ஏஜி4: கார்டு முதல் கார்பன் வரை

வேலூர் சத்துவாச்சாரியில் கிரில் பட்டறை, காட்பாடியில் டைல்ஸ் வேலை, குடியாத்தம் ரோட்டில் ஷெட் போடும் இடம், எங்கே போனாலும் ஒரு ஏஜி4 கத்திக்கொண்டிருக்கும். கடை பில்லில் அது நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர். வேலை செய்கிறவர்கள் வாயில் கம்பெனி எதுவானாலும் ஏஜி4தான். பெட்டியைப் பிரித்த அன்றே, டிஸ்க்கைப் பாதி மூடும் காப்பு மூடியான கார்டைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவது இங்கே எழுதாத வழக்கம். பக்கவாட்டுக் கைப்பிடியும் கூடவே போய்விடும். "வெட்டுற இடம் தெரியலண்ணே" என்பார்கள். கார்டைத் திருப்பி வைத்தால் தெரியும். அது சுழலும்படிதான் செய்திருக்கிறார்கள். மூடிய பக்கம் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால் வேகத்தைப் பாருங்கள். 100 மி.மீ. டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும்போது அதன் ஓரம் நொடிக்கு 57 மீட்டர் போகிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூரு ஹைவேயில் நூறில் பறக்கும் காரைப்போல இரண்டு மடங்கு. டிஸ்க் உடைந்தால் துண்டு அந்த வேகத்தில்தான் கிளம்பும், முகம் அதற்கு நேரே ஒரு முழ தூரத்தில் இருக்கும்.

கார்டைக் கழற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அஞ்சு இஞ்ச் டிஸ்க் மாட்டலாம், கொஞ்சம் ஆழமாக வெட்டலாம். வேகக் கணக்கு மட்டும் பார்த்தால் 125 மி.மீ. டிஸ்க் இந்த மெஷினில் நொடிக்கு 72 மீட்டர்தான் வரும். டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் எல்லை 80. ஆனால் அஞ்சு இஞ்ச் டிஸ்க்கின் துளை 22 மி.மீ., ஏஜி4 டிஸ்க்குக்கு 16. நடுவில் வாஷர் சொருகி மாட்டினால் அரை மி.மீ. மையம் தள்ளினாலும் அதிரும். அந்த அதிர்வு முதலில் பேரிங்கைத் தின்னும், பிறகு டிஸ்க்கைப் பிளக்கும். ஏஜி7இல் தேய்ந்துபோன ஏழு இஞ்ச் டிஸ்க்கை "வீணாக்க வேண்டாமே" என்று ஏஜி4இல் மாட்டுவதும் இதே கதை. அந்த டிஸ்க்கின் மேல் 8,500 சுற்று என்று போட்டிருக்கும். நீங்கள் 11,000இல் ஓட்டுகிறீர்கள். மிச்சமாவது என்ன, முப்பது ரூபாயா?

மரம் அறுக்கும் பல் பிளேடை ஏஜி4இல் மாட்டும் பழக்கத்துக்கு மட்டும் எந்தச் சமாதானமும் இல்லை. கதவு நிலை வேலையில் தினமும் நடக்கிறது. உராய்ந்து வெட்டும் டிஸ்க் சிக்கினால் தேயும் அல்லது உடையும். பல் பிளேடு சிக்கினால் மரத்தில் பல் பிடித்து மெஷினையே தூக்கி எறியும். அது வரும் திசை தொடை, வயிறு, கழுத்து. மரத்துக்குச் சர்க்குலர் சா வாங்குங்கள்.

டிஸ்க் வாங்கும்போது நடுவில் இருக்கும் உலோக வளையத்தைப் பாருங்கள். மாதமும் வருடமும் குத்தியிருப்பார்கள், பெரும்பாலும் அது காலாவதி தேதி. பிசின் கலந்து செய்யும் டிஸ்க்குகளுக்குத் தயாரித்ததிலிருந்து 3 வருடம்தான் கணக்கு. ஈரத்தில் கிடந்தால் அதற்கு முன்பே பிசின் வலு இழக்கும். மழைக்காலத்தில் ஷெட் தரையில் போட்டு வைத்த டிஸ்க்கை நம்பக் கூடாது. கீழே விழுந்ததையும் அப்படித்தான், விரிசல் தெரியாவிட்டாலும் குப்பைக்கு. 1 மி.மீ. கட்டிங் டிஸ்க்கின் பக்கவாட்டில் வைத்து வெல்டிங் பிசிறைத் தேய்ப்பது இன்னொரு கெட்ட பழக்கம். பக்கவாட்டு அழுத்தத்துக்கு அது செய்யப்படவில்லை. தேய்க்க 6 மி.மீ. கிரைண்டிங் டிஸ்க் இருக்கிறது.

மாட்டும் முறை. பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. உள் வாஷர், டிஸ்க் மாட்டும் தண்டான ஸ்பிண்டிலில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஆட்டிப் பாருங்கள். மேல் நட்டுக்கு இரண்டு முகம்: ஒன்றில் நடுவே மேடு இருக்கும், மற்றது தட்டை. தடித்த கிரைண்டிங் டிஸ்க்குக்கு மேடு டிஸ்க் பக்கம், மெல்லிய கட்டிங் டிஸ்க்குக்குத் தட்டை டிஸ்க் பக்கம். மெல்லிய டிஸ்க்குக்கு மேட்டு முகத்தை வைத்தால் நட்டு இறுகியதுபோல் தெரியும், டிஸ்க் தளர்ந்தே சுற்றும். லாக் பட்டனை அழுத்திக்கொண்டு கூடவே வந்த இரட்டை முள் ஸ்பேனரால் இறுக்குங்கள். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டினால் நட்டின் துளை விரிந்துவிடும். மெஷின் நிற்பதற்குள் லாக் பட்டனை அமுக்குகிறவர்கள் கியர் ஹெட்டைத் தாங்களே உடைக்கிறார்கள். புது டிஸ்க் என்றால் ஆள் இல்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பிறகு வேலையில் வையுங்கள்.

மெஷின் உதைப்பது எப்போது? ஸ்கொயர் பைப்பை இரண்டு கட்டைமேல் வைத்து நடுவில் வெட்டும்போது. முக்கால்வாசி வெட்டியதும் பைப் தன் கனத்தில் நடுவில் தொங்கும், வெட்டு வாய் மூடி டிஸ்க்கைக் கவ்வும். வெட்டும் இடம் கட்டைக்கு வெளியே இருக்கட்டும். வெட்டுப்பட்டு விழும் துண்டு தானாகக் கீழே இறங்கினால் வாய் திறந்துகொண்டே போகும். இரண்டு கையும் மெஷினில், உடம்பு டிஸ்க்கின் நேர்கோட்டுக்குப் பக்கவாட்டில். காலால் மிதித்துக்கொண்டு ஒரு கையில் வெட்டும் காட்சி எல்லாத் தெருவிலும் உண்டு. ஓடும்போது கைப்பிடி இல்லாத மெஷின் உதைத்தால் மணிக்கட்டு மட்டும் தாங்காது. கழுத்தில் துண்டு, மடித்துக் கட்டிய லுங்கி, கையில் கோயில் கயிறு, இவையெல்லாம் சுற்றும் ஸ்பிண்டிலுக்குப் பிடித்தமான தீனி. டிரில்லிங் மெஷினில் துணிக் கையுறையும் அப்படியே; பிட்டில் சுற்றினால் விரலோடு இழுக்கும்.

நம் பக்கத்துக்கே உரிய ஆபத்து ஒன்று. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்புகளிலிருந்து காலி பேரல்கள் மலிவாகக் கிடைக்கும். தண்ணித் தொட்டிக்கு மூடியை அறுக்கலாம் என்று ஏஜி4 கொண்டு போவார்கள். தின்னர், சால்வென்ட் வந்த பேரலில் ஒரு சொட்டு மிச்சம் இருந்தாலும் உள்ளே ஆவி நிறைந்திருக்கும். மேல் மூடியை டிஸ்க் துளைத்த நொடியில் பொறி உள்ளே போகும், பேரல் வெடிக்கும். "கழுவிட்டோம்" என்பது கணக்கில் சேராது, மடிப்பு விளிம்புக்குள் தங்கியது வெயிலில் மறுபடி ஆவியாகும். என்ன வந்தது என்று தெரியாத பேரலைக் கிரைண்டரால் தொடாதீர்கள்.

பொறி விழும் இடத்தில் பஞ்சு, தூள், தின்னர் டின் இருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது: அந்தப் பொறி கண்ணாடியிலும் கிளேஸ் டைல்ஸிலும் பட்டால் உருகி ஒட்டி, துடைத்தால் போகாத புள்ளி விழும். புதுத் தரையில் கிடக்கும் இரும்புத் தூளில் தண்ணீர் பட்டால் மறுநாள் காலையில் துரு சொட்டு சொட்டாகத் தெரியும். வீட்டுக்காரர் சண்டைக்கு வருவதற்கு முன் பெருக்குங்கள்.

கண்ணுக்குப் பக்கவாட்டும் மூடிய கண்ணாடி வேண்டும். மூக்குக் கண்ணாடி போதாது. இரும்புத் துகள் கண்ணில் ஒட்டிவிட்டால் சில மணி நேரத்திலேயே கருவிழியில் துரு வளையம் கட்டத் தொடங்கும். சேலை முந்தானை முனை, ஊசி, நாக்கு, எதையும் வைத்து எடுக்காதீர்கள். கண் தேய்க்காமல் ஆரணி ரோட்டில் ஷெல் கண் ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போங்கள். கிரானைட், காங்கிரீட் வெட்டுவதானால் தூசி அதைவிடப் பெரிய பிரச்சினை. அதில் குவார்ட்ஸ் இருக்கிறது. நுரையீரல் வரை போகும் தூசி கண்ணுக்குத் தெரியாது, கர்சீப் அதைத் தடுக்காது. சிஎம்4 என்கிற மார்பிள் கட்டர் வைத்துத் தண்ணீர் விட்டு வெட்டுங்கள், மூக்கில் என்95 போடுங்கள்.

தண்ணீர் விட்டு வெட்டும்போது, கரண்ட் கசிந்தால் தானாக அணையும் ஆர்சிசிபி இல்லாமல் பிளக் சொருகவே கூடாது. 30 மில்லி ஆம்ப் உடையது போதும், மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் அது சுவரில் அலங்காரம். ஏஜி4இல் எர்த் ஒயர் இல்லையே என்று கேட்பவர்களுக்கு: நேம் பிளேட்டில் கட்டத்துக்குள் கட்டம் இருக்கிறதா பாருங்கள், அது இரட்டைக் காப்பு, எர்த் தேவையில்லை. பெஞ்ச் கிரைண்டருக்கும் வெல்டிங் செட்டுக்கும் எர்த் கட்டாயம்.

பிளக் உடைந்தால் ஒயர் நுனியை உரித்து சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சி சொருகுவது நம் ஊர் கண்டுபிடிப்பு. குச்சி நழுவினால் கரண்ட் ஒயர் தரையில். அந்தத் தொடர்பு சரியாக உட்காராததால் சாக்கெட்டும் கருகும். ஜங்ஷன் பாக்ஸ் ஒயரும் கவனிக்கப்படாத ஒன்று. 0.5 சதுர மி.மீ. ஒயர் 30 மீட்டர் இழுத்து 850 வாட் ஏஜி4 ஓட்டினால் சுமார் 9 வோல்ட் விழும், சமாளிக்கலாம். அதே ஒயரில் 10 ஆம்ப் இழுக்கும் 14 இஞ்ச் கட் ஆஃப் மெஷினை மாட்டினால் 23 வோல்ட் விழும், 230 வாட் சூடு ஒயருக்குள்ளேயே தங்கும். சுருட்டி வைத்த நிலையில் அது உருகும். 1.5 சதுர மி.மீ. செப்பு ஒயர் வாங்கி முழுசாகப் பிரித்துப் போடுங்கள்.

லோ வோல்டேஜில் இன்னொரு சங்கதி. பம்பு செட்டுகள் ஓடும் நேரத்தில் கிராமத்துப் பக்கம் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், கூடவே உள்ளே இருக்கும் விசிறியும். வெட்டு நகரவில்லை என்று கை அழுத்தும். அழுத்தினால் ஆம்ப் ஏறும். குறைந்த காற்று, அதிக சூடு, அதற்கு மேல் மே மாதத்து வேலூர் வெயில் 40ஐத் தாண்டி நிற்கும். மோட்டாருக்குள் சுற்றும் சுருளான ஆர்மேச்சர் எரிவது பெரும்பாலும் இப்படித்தான். கனமாக வெட்டி முடித்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டால் விசிறி சூட்டை வெளியே தள்ளும். கரண்ட் போனால் முதலில் சுவிட்சை அணையுங்கள். லாக்கில் விட்டுக் கீழே வைத்தால் கரண்ட் திரும்பும்போது மெஷின் தரையில் ஓட ஆரம்பிக்கும்.

கார்பன். மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கட்டி அது, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மூடிக்குள் இருக்கும். சில மெஷினில் பின்பக்கக் கவரைக் கழற்ற வேண்டும். மெதுவாகத் திறங்கள், ஸ்பிரிங் துள்ளும். கறுப்புக் கட்டி 5, 6 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றுங்கள், ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் ஜோடியாக. விட்டுவிட்டால் கார்பனுக்குள் இருக்கும் செப்புக் கம்பி கம்யூட்டேட்டரில் (ஆர்மேச்சரில் கார்பன் உரசும் செப்புத் தகட்டு வளையம்) உரசிக் கோடு போடும். ஐம்பது ரூபாய் வேலை ஆர்மேச்சர் வேலையாகும். கம்பெனி கார்பன் கிடைக்காமல் பெரிதை வாங்கித் தேய்ப்பவர்கள் அது கூட்டில் தானாக வழுக்கி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சிக்கினால் கம்யூட்டேட்டரைத் தொடாமல் நின்று பொறி அடிக்கும். மாற்றிய பிறகு 5 நிமிடம் சும்மா ஓட்டினால் முகம் படியும்.

பின்பக்கக் காற்றுத் துளை வழியாகப் பாருங்கள். கார்பன் அடியில் சின்ன நீலப் பொறி சாதாரணம். பொறி கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக ஓடினால் ஆர்மேச்சர் சுருளில் கோளாறு. கம்யூட்டேட்டர் ஒரே மாதிரி பழுப்பாக இருப்பது நல்லது, எமரி பேப்பர் போட்டுப் பளபளப்பாக்காதீர்கள். அந்தத் தூள் தகடுகளுக்கு நடுவே போய் ஷார்ட் ஆகும். ஒன்றிரண்டு தகடு மட்டும் கருத்திருந்தால் அந்தச் சுருள் போய்விட்டது என்று அர்த்தம்.

வாரம் ஒருமுறை மெஷினைச் சும்மா ஓடவிட்டுப் பின்துளையில் காற்று அடியுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. பஞ்சர் கடைக் காற்றை முழு அழுத்தத்தில் ஒட்டி வைத்து அடித்தால் தூசி பேரிங்குக்குள் ஏறும், ஒயிண்டிங் வார்னிஷும் சிதையும். 30 பி.எஸ்.ஐ. போதும், ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். இரும்புத் தூள் உள்ளே தங்கினால் அது வழியாகவே கரண்ட் கசியும். காரணம் தெரியாமல் ஆர்சிசிபி விழுந்துகொண்டிருந்தால் இதையும் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது முறை கார்பன் மாற்றும்போது கியர் ஹெட்டையும் திறந்துவிடுங்கள். நாலு ஸ்க்ரூ. கறுத்த கிரீஸை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து எடுத்துப் புது லித்தியம் கிரீஸ் 15 கிராம் அளவு வையுங்கள், பல்லில் படும்படி. முழுசாக நிரப்பினால் சூட்டில் இளகி சீல் தாண்டி ஆர்மேச்சர் பக்கம் வரும். ஸ்பிண்டிலைக் கையால் சுற்றும்போது கரகரத்தால் பேரிங் போயிருக்கிறது. எண் அதன் மேலேயே இருக்கும். அதே எண்ணில் ரப்பர் சீல் போட்டதைக் கேளுங்கள், தூசி வேலைக்கு அதுதான் நிற்கும்.

ஆர்மேச்சரும் அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஃபீல்டு காயிலும் சேர்ந்து எரிந்திருந்தால் காயில் கட்டும் கூலியைப் புது மெஷின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பல நேரம் கட்டுப்படியாகாது. அதே மாடல் இன்னொன்று இருந்தால் பழையதிலிருந்து கியர், ஸ்பேனர், உள் வாஷர் எல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மூலையில் கிடக்கும் கார்டையும்.