பத்து நாள் கியோட்டோ

கோம் தே கார்சோன் என்ற ஜப்பானிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் 2002-ஆம் ஆண்டு வெளியிட்ட தூப வரிசையில் ஐந்து வாசனைத் திரவியங்கள் உண்டு: அவிஞ்யோன், கியோட்டோ, ஜெய்சல்மேர், ஸகோர்ஸ்க், வர்ஸாஸாத். ஒவ்வொன்றும் ஒரு சமயத்தின் வழிபாட்டு மணத்தை ஓர் ஊரின் பெயரால் நினைவூட்டுகிறது. இந்து சமயத்துக்கு உரியதாக அமைந்திருப்பது ஜெய்சல்மேர் என்பதால் அதைத்தான் முதலில் முகர்ந்தேன். ஏலக்காயும் இலவங்கப் பட்டையும் முன்னால் வரும் அந்த மணம் என்னை ராஜஸ்தானின் கடைவீதிக்கு அழைத்துச் சென்றதே தவிர, கோயிலுக்கு அழைத்துச் செல்லவில்லை. ஆகவே தோழி ஒருத்தியிடமிருந்து கியோட்டோவை 5 மில்லி குப்பியில் வாங்கிக்கொண்டு, டிசம்பர் மாதத்தில் பத்து நாள் பெங்களூரின் அல்சூரில் அதையே பூசிப் பார்த்தேன்.

இதை அமைத்தவர் பெர்ட்ராண்ட் துஷோஃபூர் என்ற வாசனைக் கலைஞர். தூபப் பிசினுடன் சைப்ரஸ் என்னும் ஊசியிலை மரம், தேக்கு, தேவதாரு, வெட்டிவேர், பச்சோலி இலை ஆகியவற்றின் மணங்களையும், கூடவே காப்பியையும் சேர்த்திருக்கிறார். பட்டியலைப் படித்தபோது காப்பி எதற்கு என்று புரியவில்லை. ஆறாம் நாள்தான் புரிந்தது.

அதற்கு முன் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தூபம் போடும் பிசின் எதையும் நம் வீடுகளில் சாம்பிராணி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் சுமத்ரா, தாய்லாந்துப் பக்கத்து ஸ்டைராக்ஸ் மரப் பிசினில் வெனிலாவைப் போன்ற இனிப்பு உண்டு. தணலில் போட்டதும் அறை முழுவதும் பரவுகிற அந்த இனிப்பைத்தான் நம் மூக்கு தூபம் என்று பழகியிருக்கிறது. மேல்நாட்டு வாசனைக் கலையில் தூபம் என்று சொன்னால் அது பெரும்பாலும் ஓமன், சோமாலியா நாடுகளில் விளையும் குந்திருக்கம். அந்தப் பிசினை நீராவியில் வடித்து எடுக்கும் எண்ணெயில் எலுமிச்சையின் புளிப்பும் பைன் மரத்தின் பச்சை வாடையும் மிளகின் காரமும் இருக்கின்றன, புகை இருப்பதில்லை. எரிந்தால்தானே புகை? எனவே புகையின் உணர்வை வெட்டிவேர், தேவதாரு போன்ற வறண்ட மணங்களைக் கொண்டு மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது. இந்த வகைத் திரவியம் ஒன்றை மதிப்பிடுவதென்றால், அந்தக் கட்டுமானம் எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

முதல் நாள் காலை குளித்து, ஈரம் காய்ந்த இடது மணிக்கட்டில் இரண்டு முறை தெளித்துக்கொண்டேன். தேய்க்கவில்லை. முதல் பத்து நிமிடம் எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. மழையில் நனைந்த ஊசியிலை மரத்தின் குளிர்ச்சி, சிறிது மிளகு, அவ்வளவுதான். இனிப்பின் சுவடே இல்லை. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்த பிறகு, தணல் சட்டியின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் கூந்தலை விரித்துப் போட்டு அம்மா புகை காட்டுவாள். கூடையின் பின்னல் இடுக்குகளில் புகை கசிந்து மயிர்க்கால் வரை ஏறும். மறுநாள் பின்னலை அவிழ்த்தாலும் அந்த மணம் இருக்கும். அதை எதிர்பார்த்து மணிக்கட்டை முகர்ந்தவளுக்குக் கியோட்டோ ஒன்றும் தராது. மூன்று நாள் அப்படியே சண்டையிட்டுக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான்காம் நாளிலிருந்து எதிர்பார்ப்பை விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளத் தொடங்கினேன். அரை மணியில் சைப்ரஸ் பின்வாங்குகிறது. ஒரு மணி நேரத்தில் தேக்கு வருகிறது, அதாவது பழைய வீட்டுக் கதவின் உட்புறத்தை நெருங்கி முகர்ந்தால் வருமே, அந்த எண்ணெயும் தூசியும் கலந்த வறட்சி. இரண்டாம் மணி நேரத்தில் அதன் அடியில் ஒரு கருகல் தெரிந்தது. அது என்னவென்று பிடிபடாமல் இருந்து, ஆறாம் நாள் காலை டிகாக்ஷன் இறக்கிய ஃபில்டரின் மேல்தட்டைக் கழற்றி, வடிந்து முடிந்த ஈரத் தூளை முகர்ந்தபோது சட்டென்று விளங்கியது. பாலும் சர்க்கரையும் சேராத அந்தக் காப்பித்தூளின் கசப்புத்தான் இங்கே புகையின் கருமையைத் தருகிறது. வெட்டிவேரின் மண் வாடையும் கூடும்போது, எரியாத பிசின் எரிந்து முடிந்ததாக மூக்கு நம்பிவிடுகிறது. இதை நான் மிகப் பெரிய கைத்திறனாகக் கருதுகிறேன்.

முகர்ந்து முகர்ந்து மூக்கு மரத்துப்போகும்போது காப்பிக்கொட்டையை நீட்டுவது வாசனைக் கடைகளின் வழக்கம். காப்பியே கலந்திருக்கும் ஒன்றைச் சோதிக்கும்போது அது குழப்பத்தைத்தான் கூட்டும்; ஐந்து நிமிடம் மொட்டைமாடியில் நின்றுவிட்டு வந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது. பெங்களூரின் டிசம்பர் காற்று இதற்கு மிகவும் பொருத்தமானது. அல்சூரில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு கடையிலிருந்து ஊதுபத்தி மணக்கும். கரித்தூளும் மரத்தூளும் பிசைந்து உருட்டிய குச்சியை வாசனை எண்ணெயில் தோய்த்து எடுக்கும் அந்த மணம், தனக்கு முன்னால் எதையும் நிற்கவிடாது. அதற்கு நடுவிலும் மணிக்கட்டை உயர்த்தினால் கியோட்டோ தனியாகத் தெரிந்தது. உரக்கப் பேசாதது, ஆனால் கலந்து காணாமல் போகவும் இல்லை.

என் தோல் வறண்டது. அதில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. மதிய வெயிலில் மெட்ரோ நிலையம் வரை நடந்த நாளில் மூன்றரை மணியிலேயே அடங்கிவிட்டது. எண்ணெய்ப் பசையுள்ள தோலில் கூடுதலாக நிற்கலாம். ஆனால் பருத்திச் சால்வையில் தெளித்தது மறுநாள் மாலை வரை இருந்தது; அதில் தேவதாருவும் பிசினும் மட்டும் எஞ்சியிருந்தன.

அந்தச் சால்வையை மடித்து வைக்க எடுத்த அம்மா அதை முகத்தருகே கொண்டுபோய் நின்றுவிட்டாள். அவள் பிறந்தது மாயவரத்தில். பக்கத்துத் திருக்கடையூரில், மனைவி நெல் வாங்கக் கொடுத்த தாலியை விற்றுக் குங்கிலியம் வாங்கித் தூபமிட்ட கலய நாயனாரின் கதையைக் கேட்டு வளர்ந்தவள். தூபத்தைப் பற்றி அவள் சொல்வதை நான் எளிதில் தள்ளிவிடுவதில்லை.

"சாம்பிராணியாம்மா?" என்று கேட்டேன்.

"இது சாம்பிராணி இல்லடி. தூபம் காட்டி முடிச்சு, குருக்கள் நடை சாத்திட்டுப் போனப்புறம் மண்டபத்துல ஒரு வாசனை இருக்குமே, கல்லும் கதவுமா, அது."

பத்து நாள் குறிப்பெடுத்தும் எனக்குக் கிடைக்காத சொற்கள் அவை. கல்யாண வீட்டுக்கு இதைப் பூசிக்கொண்டு போக மாட்டேன். மல்லிகையும் பட்டும் இருக்கும் இடத்தில் இதற்கு வேலை இல்லை. காலை குளிருக்கும், மழை நாளுக்கும், தனியாக உட்கார்ந்து வேலை செய்யும் நேரத்துக்கும் என்று 50 மில்லி குப்பியாக வாங்க முடிவு செய்திருக்கிறேன். சால்வையை இன்னும் துவைக்கப் போடவில்லை.