ஜூலை 4க்கும் 10க்கும் நடுவில்

மார்ச் 3, திங்கள்

வேலையைப் பிரித்தாயிற்று. குழுவில் நாலு பேர். 2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தின் கணினிகளில் நடந்த ஊடுருவல்தான் தலைப்பு. அதில் எனக்கு விழுந்தது காலவரிசை, யார் எப்போது யாருக்குச் சொன்னார்கள் என்பது. கூடவே செய்முறையும். ஒரே கணக்கிலிருந்து நோயாளிப் பதிவுகளை யாராவது மொத்தமாக அள்ளினால் எச்சரிக்கும் விதி ஒன்றை எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். வகுப்பு விட்டு ஈசூனில் வீடு வந்து சேர மணி பதினொன்றரை. அம்மா விழித்திருந்தார். "சாப்பிட்டியா?" அவ்வளவுதான் கேட்டார்.

மார்ச் 5, புதன்

நாளை காலை 9.40க்கு அம்மாவுக்கு மருத்துவமனையில் சோதனை. அண்ணனிடம் இப்போதைக்குச் சொல்லக் கூடாதாம்.

மார்ச் 6, வியாழன்

அம்மாவுக்கு ஊசி போட்டு, சோதனைக்காகக் கட்டியிலிருந்து சதை எடுத்தார்கள். பதினைந்து நிமிடம்தான். வெளியே வந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே, "தீபாவளிக்கு முன்னாடியே கையில பட்டுச்சு" என்றார், ஏதோ குழாய் ஒழுகுவதைச் சொல்வது போல. தீபாவளி போய் நாலு மாதம் ஆகிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா ஆளாளுக்கு ஒண்ணு கேப்பீங்க. பதில் சொல்லியே மாஞ்சு போவேன்."

பஸ்ஸில் நான் ஒன்றும் பேசவில்லை.

மார்ச் 8, சனி

நாள் முழுக்க மடிக்கணினிதான். பொய் நோயாளிகள் பத்தாயிரம் பேரை உருவாக்கித் தரவுத்தளத்தில் ஏற்றினேன். ஒவ்வொருவருக்கும் பெயர், அடையாள எண், முகவரி, பாலினம், இனம், பிறந்த தேதி. உண்மையில் 15 லட்சம் பேரிடமிருந்து போனவை இதே ஆறு விவரங்கள்தான். அவர்களில் ஒரு லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு வெளிநோயாளியாக வாங்கிய மருந்துகளின் பட்டியலும் சேர்ந்து போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் பதிவைக் குறிவைத்துத் ஊடுருவியவர்கள் திரும்பத் திரும்பத் தேடியிருக்கிறார்கள். அந்தத் தரவுத்தளத்தில் மொத்தமாக அள்ளும் குவெரியை, அதாவது தரவு கேட்கும் கட்டளையை, கண்டுபிடிக்கவோ தடுக்கவோ எந்த ஏற்பாடும் இருக்கவில்லை என்கிறது விசாரணைக் குழுவின் அறிக்கை. அதைத்தான் நான் சின்ன அளவில் கட்டிப் பார்க்கிறேன்.

விதி எழுதுவது சுலபம், எந்த எண்ணில் மணி அடிக்க வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை. ஒரு தாதி ஒரு தடவைக்கு ஒரு நோயாளியைத் திறப்பார். ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஓடும் அறிக்கை வேலை ஒரே மூச்சில் மூவாயிரம் பேரை இழுக்கும், அது நியாயமான வேலைதான். 50 என்று வைத்தால் இரவெல்லாம் மணி அடிக்கிறது, 5,000 என்று வைத்தால் திருடன் 4,900, 4,900 ஆக எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஒவ்வொரு கணக்கும் வழக்கமாக எவ்வளவு எடுக்கிறது என்று முதலில் கணக்கெடுத்து அதற்கு மேல் போனால் மட்டும் அடிக்கச் சொல்லலாம். சரி, வழக்கம் எது என்று சொல்ல எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? அடித்த பிறகு எழுந்து வருபவர் யார்?

பக்கத்து வீட்டு மக்சிக், மலாய்க்கார அத்தை, நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார். அம்மா இரண்டு கரண்டிதான் சாப்பிட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

தூக்கம் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

2018 ஜூன் 11ஆம் தேதியே தரவுத்தள நிர்வாகி ஒருவர் தோற்றுப்போன நுழைவு முயற்சிகளைப் பார்த்துவிட்டார். ஜூன் 27இல் தரவு வெளியே போகத் தொடங்கியது. ஜூலை 4 அன்று இன்னொரு நிர்வாகி, தன் வேலையே இல்லாத ஒன்றை, இந்தக் குவெரி ஏன் இப்படி ஓடுகிறது என்று கேட்டு நிறுத்தினார். அந்த மனிதரை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அதன்பிறகு ஒரு பதிவுகூடப் போகவில்லை. ஆனால் மேலிடத்துக்கும் சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஎஸ்ஏவுக்கும் சொன்னது ஜூலை 10. இடையில் ஆறு நாள்.

அந்த ஆறு நாளைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். தெரிவித்திருக்க வேண்டிய அதிகாரி ஏன் தெரிவிக்கவில்லை என்றால், தெரிவித்தால் விவரம் கேட்டு ஆளாளுக்குத் துரத்துவார்கள் என்று நினைத்தாராம். அந்த வரியில் பென்சிலால் கோடு போட்டேன். அப்புறம் அழித்துவிட்டேன்.

குழுவில் ஒருவர், "கடவுச்சொல்தான் பெரிய கதை, அதை முன்னால் போடுவோம்" என்கிறார். ஒரு நிர்வாகிக் கணக்கில் பாஸ்வேர்ட் என்ற சொல்லையே, ஏ இருக்கும் இடத்தில் @ குறியும் ஓ இருக்கும் இடத்தில் பூஜ்யமும் போட்டு வைத்திருந்தார்கள். கேட்டவுடன் எல்லாரும் தலையில் கை வைப்பார்கள்தான். ஆனால் கடவுச்சொல்லை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம், சொல்லத் தயங்கும் மனசை எப்படி மாற்றுவது?

மார்ச் 13, வியாழன்

முடிவு வரவில்லை. செவ்வாய்க்கிழமை வரச் சொல்கிறார்கள்.

மார்ச் 15, சனி

அம்மாவின் மருந்துப் பையைக் கொட்டி அடுக்கினேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், கொழுப்புக்கு ஒன்று, பாதி தீர்ந்த கண் சொட்டு மருந்து. ஒவ்வொரு உறையிலும் வெள்ளைச் சீட்டு. பெயர், தேதி, ஒரு நாளைக்கு எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. ஒன்றில் அம்மா பேனாவால் "ராத்திரி" என்று எழுதி ஒரு நிலா வரைந்திருக்கிறார். இந்த உறைகளை மட்டும் பார்த்தாலே முன்பின் தெரியாத ஒருவன் அம்மாவின் பத்து வருடத்தைச் சொல்லிவிடலாம். நாளைக்கு இதில் புதிதாக ஒரு உறை சேர்ந்தால் அதையும் சொல்லிவிடலாம். குழுவின் விளக்கக்காட்சியில் என் பகுதியின் முதல் படமாக அபராதத் தொகையை வைத்திருந்தேன், சிங்ஹெல்த்தின் கணினிகளைப் பார்த்துக்கொண்ட ஐஎச்ஐஎஸ்ஸுக்கு ஏழரை லட்சம் வெள்ளி, சிங்ஹெல்த்துக்கு இரண்டரை லட்சம். அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு வெறும் மருந்துச் சீட்டு ஒன்றை வரைந்து வைத்தேன். பெயர் இல்லை, நிலா மட்டும் இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

ஒத்திகை. விதி ஓடியது. ஒரு கணக்கு தன் வழக்கத்தைப்போல் பத்து மடங்கு எடுத்தால் மணி. நாற்பது வினாடியில் பிடித்தது. பேராசிரியர் ஒன்றுதான் கேட்டார்: "ஃபோனை எடுப்பவருக்கு நிச்சயமில்லை என்றால்?" நிச்சயமில்லாவிட்டாலும் உடனே மேலே சொல்ல வேண்டும், சொன்னது தப்பாகப் போனாலும் யாரும் அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது, அதையும் நடைமுறையில் எழுதி வைக்க வேண்டும் என்றேன். குரல் நடுங்கியது. அவர் குறித்துக்கொண்டார்.

இரவு பதினொன்றுக்கு, மலேசியாவில் ஜொகூரில் இருக்கும் அண்ணனை அழைத்தேன். அண்ணன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, "எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?" என்றார்.

மூன்று வாரம்.

மார்ச் 18, செவ்வாய்

மருத்துவமனையில் எங்கள் வரிசை எண் 2046. இப்போது 2039. அண்ணன் விடிவதற்குள் கிளம்பிவிட்டாராம், உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் நெரிசலில் நிற்கிறார். அம்மாவிடம் சொன்னேன். என்னைத் திட்டவில்லை, "சாப்பிட்டானா அவன்?" என்றார்.

2041.